ஊமத்தைப் புகையிலிருந்து ஒற்றைத் தாள் வரை

1802-ஆம் ஆண்டில் சென்னைப் பட்டணத்திலிருந்து ஒரு வைத்திய முறை கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனது. ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இளைப்பு தணியும் என்பது இந்த மண்ணில் வழங்கிவந்த அறிவு. அன்று மதராஸ் ராஜதானியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை அறிந்திருந்தார். ஜென்ட் என்ற படைத்தளபதி அவரிடமிருந்து தெரிந்துகொண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் பிரிட்டிஷ் மருத்துவர்கள் அங்கே கிடைத்த ஊமத்தை வகையை வைத்து அதைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். பிறகு அதுவே ஆஸ்துமா சிகரெட்டாகவும், தட்டில் கொட்டிக் கொளுத்தும் பொடியாகவும் மருந்துக்கடைச் சரக்கானது. இது மூடநம்பிக்கை இல்லை. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைப் பொருட்கள் மூச்சுக்குழல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. இன்று நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோபியம் அந்த அட்ரோபினின் வழிவந்ததுதான். ஆனால் அதே ஊமத்தை அளவு மீறினால் புத்தியைப் பேதலிக்கச் செய்யும், உயிரையும் வாங்கும். எவ்வளவு, எப்போது, யாருக்குக் கூடாது என்று பக்கத்திலிருந்து சொல்ல ஒரு வைத்தியர் இருந்தவரை அது மருந்து. தகர டப்பாவில் அடைபட்டு விற்பனைக்கு வந்தபோது டப்பா மட்டும்தான் வந்தது, சொல்ல ஆள் வரவில்லை. ஆஸ்துமாவின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றில் இந்தக் கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மருந்து முன்னே வந்தது, அதைக் கையாளும் அறிவு வெகுகாலம் கழித்து வந்தது, இடைப்பட்ட காலத்தில் மனிதர்கள் செத்தார்கள். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுப்பது சிகிச்சைக்குப் பிறகு செய்யும் உபசாரம் அல்ல, அது சிகிச்சையின் ஒரு பாதி என்பதே அந்த வரலாறு சொல்லும் தீர்ப்பு.

இதில் விந்தை என்னவென்றால், இந்த நோயைப் பற்றிய பழைய அறிவில் பெரும்பகுதி நோயாளிகளே சேர்த்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடஸ், இளைப்பால் அவதிப்பட்ட அரச குலத்தவர் ஒருவருக்காக அரபு மொழியில் பதின்மூன்று அதிகாரங்கள் கொண்ட ஒரு நூல் எழுதினார். மருந்துப் பட்டியலோடு நிற்காமல் உணவு, உறக்கம், காற்று, மனநிலை என்று அன்றாட வாழ்வை எப்படி ஒழுங்கு செய்துகொள்வது என்பதையே அதிகம் பேசும் நூல் அது. ஒரு நோயாளியின் கையில் கொடுப்பதற்கென்றே எழுதப்பட்ட பாடம். 1698-இல் ஆஸ்துமாவைப் பற்றித் தனி நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளோயர் பல்லாண்டு காலம் ஆஸ்துமா நோயாளி. 1860-இல் அதே நோயைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஹென்றி ஹைட் சால்டரும் நோயாளிதான். பூனை அருகில் வந்தாலே மூச்சு முட்டுவதை அவர் விவரித்தார்; கடுங்காப்பி தரும் ஆறுதலையும் பதிவு செய்தார். எந்தக் காற்று ஆகாது, எந்த நேரத்தில் இளைப்பு ஏறும், ஏறுவதற்கு முன் உடம்பு என்ன ஜாடை காட்டும் என்பதெல்லாம் நோயை உடம்பில் சுமந்தவர்களின் பல்லாண்டுக் கவனிப்பிலிருந்து கிடைத்தவை. மருத்துவரே நோயாளியாகவும் இருந்ததால் அந்தக் கவனிப்பு புத்தகம் ஏறியது. மருத்துவராக இல்லாத கோடிக்கணக்கானோரின் கவனிப்பு அவர்களோடே போயிற்று.

இருபதாம் நூற்றாண்டு இந்த அறிவை நோயாளியிடமிருந்து இன்னும் தள்ளி வைத்தது. அட்ரினலின் ஊசி வந்தது. 1920-களில் சீன மூலிகை ஒன்றிலிருந்து எடுத்த எஃபெட்ரின் வந்தது. நிவாரணம் கைகூடக் கூட, அது மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும் உரிய காரியமாயிற்று. நூற்றாண்டின் நடுவில் மனப்பகுப்பாய்வு செல்வாக்கு பெற்றபோது ஆஸ்துமா மனதில் பிறக்கும் நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. குழந்தையின் இழுப்பு தாயை நோக்கி அடக்கிவைத்த அழுகை என்றுகூட விளக்கம் எழுந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் கடுமையான ஆஸ்துமா உள்ள குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், விடுதி மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். அறுவைச் சிகிச்சையில் ஓர் உறுப்பை வெட்டி எடுப்பதுபோலப் பெற்றோரை அகற்றுவதற்கே ஒரு கலைச்சொல்லை உருவாக்கினார் முர்ரே பெஷ்கின் என்ற மருத்துவர். சில குழந்தைகள் தேறவும் செய்தார்கள். ஆனால் தேறியது தாயைப் பிரிந்ததாலா, வீட்டிலிருந்த தூசியையும் பிராணிகளையும் பிரிந்ததாலா? 1969-இல் ஆய்வாளர் கென்னத் பர்செல் குழுவினர் அதைச் சோதிக்க எண்ணி, குழந்தையை வீட்டிலேயே வைத்துக் குடும்பத்தினரை இரண்டு வாரம் வெளியே தங்கவைத்துப் பார்த்தார்கள். மனச்சலனத்தால் இழுப்பு வரும் என்று முன்பே கணித்திருந்த குழந்தைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது, மற்றவர்களில் அப்படியில்லை. அதாவது உணர்ச்சிக்கும் இழுப்புக்கும் தொடர்பு உண்டு. ஆனால் குடும்பமே நோய் என்ற முடிவுக்கு அங்கே இடமில்லை. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் பிள்ளையின் மூச்சுக்குத் தாமே எமன் என்ற பழியைச் சுமந்த பிறகுதான் மருத்துவம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. இரவு இரண்டு மணிக்குக் குழந்தையின் விலா உள்ளிழுப்பதை முதலில் பார்ப்பவளிடம் அதன் பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

இதே காலத்தில்தான் இந்த நோயின் மிகப் பெரிய கருவியும் பிறந்தது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா இருந்தது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று அவள் கேட்டதாகச் சொல்வார்கள். 1956-இல் அளவிட்டுப் பீய்ச்சும் இன்ஹேலர் சந்தைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் குப்பி, ஓர் அழுத்தில் நிவாரணம். உலகம் அதைக் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் 1960-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்துமா மரணங்கள் திடீரென ஏறின. பத்து முதல் பதினான்கு வயதுக் குழந்தைகளில் ஏழே ஆண்டுகளில் மரண விகிதம் ஏறத்தாழ எட்டு மடங்கானது என்று ஸ்பைசர், டால், ஹீஃப் என்ற ஆய்வாளர்கள் 1968-இல் காட்டினார்கள். ஐசோபிரினலின் என்ற நிவாரண மருந்தின் வீரியம் கூட்டிய இன்ஹேலர் விற்பனையான நாடுகளிலேயே இந்த ஏற்றம் இருந்ததைப் பின்னர் பால் ஸ்டாலி என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். மரணங்கள் ஏறிய காலத்தில் அந்த இன்ஹேலர் பிரிட்டனில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைத்துவந்தது. 1967-இல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போனது. 1968-இல் சீட்டு கட்டாயமானது. விற்பனை இறங்க இறங்க மரணங்களும் இறங்கின.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மருந்தின் நச்சு கொன்றதற்கு அறியாமையை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? நியூசிலாந்தில் 1970-களின் பிற்பகுதியில் இரண்டாவது மரண அலை எழுந்தபோதும் இதே கேள்வி வந்தது. ஃபெனோட்டரால் என்ற நிவாரண மருந்தை 1989-இல் ஓர் ஆய்வு குற்றவாளியாகக் காட்டியது. அதன் பயன்பாடு குறைக்கப்பட்டதும் மரணங்கள் சரிந்தன. மருந்துக்கு இதில் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் ஒரு பையன் எப்படிச் செத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இரண்டு விளக்கங்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அவனுக்கு இளைப்பு வந்தது, அழுத்தினான், தணிந்தது. சில மணி நேரத்தில் திரும்ப வந்தது, திரும்ப அழுத்தினான். அழுத்தங்களுக்கு இடையே இருந்த நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்தச் சுருக்கம்தான் ஆபத்தின் அறிகுறி, இதற்கு மேல் அழுத்தாதே, மருத்துவமனைக்கு ஓடு என்று அவனிடமோ அவன் பெற்றோரிடமோ யாரும் சொல்லியிருக்கவில்லை. கையிலிருந்த குப்பி நிம்மதியைக் கொடுத்தது. அந்த நிம்மதியே மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வைத்தது. நச்சு மருந்தில் இருந்ததென்றால், அதை உயிர்போகும் அளவுக்குக் கொண்டுசென்றது எல்லை சொல்லாத மௌனம்.

ஆஸ்துமாவுக்கு ஏன் இவ்வளவு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நோயின் இயல்பே விளக்கும். மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுவது ஒன்று. குழலின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டுவது மற்றொன்று. இறுக்கத்தைத் தளர்த்தும் நிவாரண மருந்து சில நிமிடங்களில் வேலை செய்வதால் நோயாளி அதை நம்புகிறார். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், அதாவது தடுப்பு மருந்து, 1972-இல் வந்தது. அது நாள்தோறும், இளைப்பே இல்லாத நாளிலும் எடுக்க வேண்டிய மருந்து. எடுத்ததும் எதுவும் தெரியாது. பலன் கண்ணுக்குத் தெரியும் மருந்து நோயின் வேரைத் தொடுவதில்லை, வேரைத் தொடும் மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்கம் இல்லாதவர் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிடுவார்; இது அவருடைய சோம்பல் அல்ல, தம் உடம்பு சொன்னதை அவர் நம்பியதன் விளைவு. கருவியோ அதைவிடச் சிக்கலானது. அழுத்துவதும் உள்ளிழுப்பதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும், பிறகு மூச்சை அடக்க வேண்டும். பிசகினால் மருந்து தொண்டையில் படிந்துவிடும். 1975 முதல் 2014 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 விழுக்காட்டினரே என்றும் நாற்பது ஆண்டுகளில் இதில் முன்னேற்றமே இல்லை என்றும் 2016-இல் எழுதினார்கள். மருந்து எவ்வளவோ மேம்பட்டது; அதைப் பிடிக்கும் கை அன்றிருந்தபடியே இருக்கிறது.

கற்பித்தல் முறையான மருத்துவமாக உருக்கொண்டது 1980-களில். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்து வகுப்பு நடத்தினார்கள். அதையே பின்பு பள்ளிக்கூடங்களுக்கும் எடுத்துச் சென்றார்கள். டென்வரில் வெளியே நிறுத்தப்பட்ட பெற்றோர் இங்கே வகுப்பின் மையத்துக்கு வந்தார்கள். மார்ட்டின் ரைட் 1959-இல் வடிவமைத்த, ஊதும் வேகத்தை அளக்கும் கருவி காலப்போக்கில் கையடக்கமான பிளாஸ்டிக் குழாயாகி வீட்டுக்குள் வந்திருந்தது. 1989-இல் மருத்துவர் ரிச்சர்ட் பீஸ்லியும் உடன் பணியாற்றியவர்களும் அந்த அளவை வைத்து ஒரு தாளை உருவாக்கினார்கள். உன்னால் ஊதக்கூடிய மிகச் சிறந்த அளவில் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தடுப்பு மருந்தைக் கூட்டு. 50-க்குக் கீழே போனால் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கு. அதற்கும் கீழே போனால் உடனே மருத்துவரைக் கூப்பிடு. மூன்றே வரிதான். ஆனால் மருத்துவரின் தீர்மானத்தை, முன்கூட்டியே எழுதி, நோயாளியின் கையில் ஒப்படைத்த தாள் அது. நியூசிலாந்தின் வைரராப்பா வட்டாரத்தில் மாவோரி மக்களிடையே இதே திட்டம் பணப்பையில் வைக்கும் அட்டை அளவுக்குச் சுருங்கியது. ஒரு பக்கம் ஊதும் அளவுகள், மறுபக்கம் அறிகுறிகள். மாவோரிகள் ஊராகக் கூடும் மராயே என்னும் பொது இடத்திலேயே முகாம்கள் நடந்தன; பாடம் மக்கள் இருந்த இடத்துக்குப் போனது.

பாடம் நடத்தினால் நோய் குறையுமா என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாறு நேர்மையான பதிலை வைத்திருக்கிறது: வெறும் தகவலால் குறையாது. ஆஸ்துமா என்றால் என்ன என்று பெரியவர்களுக்கு விளக்கிவிட்டு நிறுத்திக்கொண்ட பன்னிரண்டு சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் ஆய்வு, மருத்துவமனைச் சேர்க்கைகள் குறையவில்லை என்று கண்டது. துண்டுப்பிரசுரம் கொடுத்துக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது கசக்கும் செய்தி. அதே ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 36 சோதனைகளைத் தனியாகத் தொகுத்தார்கள். இவற்றில் பாடத்தோடு சுயகவனிப்பும், மருத்துவரின் தொடர் பார்வையும் சேர்ந்திருந்தன. பலவற்றில் எழுதிக் கொடுத்த திட்டமும் இருந்தது. மருத்துவமனையில் சேர நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தெரிந்துகொள்வது வேறு, தீர்மானிக்க உரிமை பெறுவது வேறு. இழுப்பு ஏறும்போது நோயாளிக்கு வேண்டியது நுரையீரலின் படமல்ல. இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய மருத்துவரே எழுதித் தந்த விடை.

இதை ஒரு நாடே செய்து பார்த்தது. ஐம்பது லட்சம் மக்கள் கொண்ட ஃபின்லாந்து 1994 முதல் 2004 வரை பத்தாண்டு ஆஸ்துமாத் திட்டம் ஒன்றை நடத்தியது. புதிய அதிசய மருந்து எதையும் அது நம்பியிருக்கவில்லை. சீக்கிரமே கண்டுபிடி, தொடக்கத்திலேயே வீக்கத்தை அடக்கு, நோயாளிக்குத் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடு என்பதே அதன் கொள்கை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்துமாவுக்குப் பொறுப்பான மருத்துவரும் செவிலியரும் அமர்த்தப்பட்டார்கள். மருந்துக்கடைக்காரர்கள் பயிற்சி பெற்று, இன்ஹேலரைக் கையில் வாங்குபவர் அதைப் பிடிக்கும் விதத்தைச் சரிபார்த்தார்கள். 1993-இல் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைப் படுக்கையில் கழிந்த நாட்கள் 1,10,000, 2003-இல் 51,000. நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது. ஒரு நோயாளிக்கான ஆண்டுச் செலவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. இறக்கத்துக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தானே காரணம், பாடத்துக்கு ஏன் பெருமை என்று கேட்கலாம். அந்த மருந்து திட்டத்துக்கு இருபதாண்டு முன்பே உலகில் இருந்தது. ஆயிரமாயிரம் பேரை அதைத் தினமும் எடுக்கவைத்தது எது என்பதே கேள்வி. பிரிட்டனில் நடந்தது இதற்கு மறுபக்க சாட்சி. 2014-இல் அங்கே 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். நல்ல மருந்துகள் அனைத்தும் அரசு மருத்துவத் துறையில் கிடைத்த நாடு அது. இறந்தவர்களில் எழுத்துத் திட்டம் பெற்றிருந்தவர்கள் 23 விழுக்காட்டினரே. 45 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடாமலோ உதவி கிட்டுவதற்கு முன்போ இறந்திருந்தார்கள். மருந்து வீட்டில் இருந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்ற அறிவு இல்லை.

எஞ்சியிருப்பது மிகக் கனமான மறுப்பு. நோயாளியே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வது, அரசும் மருத்துவமும் தம் பொறுப்பை ஏழையின் தலையில் இறக்கிவைக்கும் தந்திரமாகிவிடாதா? விறகுப் புகையில் சமைப்பவளிடம் புகையைத் தவிர்க்கச் சொல்வதும், தடுப்பு மருந்து வாங்கக் காசில்லாதவரிடம் தினமும் எடு என்பதும் பாடமா, பழியா? டென்வர் தாய்மார்கள் பட்டதை நினைத்தால் இந்த அச்சம் வீண் அல்ல. வைரராப்பாவிலும் திட்டம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பெற்ற பலன்களில் ஒரு பகுதி கரைந்திருந்தது. ஆனால் இந்த உண்மை கற்பித்தலுக்கு எதிரான வாதம் அல்ல. கற்பித்தல் ஒருநாள் சொற்பொழிவு அல்ல என்பதற்கான வாதம். மருந்தை ஒருமுறை கொடுத்துவிட்டு ஆயுள் முழுதும் வேலை செய்யவில்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை. பாடத்தையும் மருந்துபோலவே தொடர்ந்து கொடுக்க வேண்டும், அதற்கு ஆளும் நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். ஃபின்லாந்தில் பொறுப்பு நோயாளியின் தலைக்கு மாறவில்லை, பகிரப்பட்டது.

நம் பக்கம் திரும்பினால் தேவை எவ்வளவு அவசரமானது என்பது தெரியும். உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் இந்தியர் என்று மதிப்பிடுகிறார்கள். மரணங்களிலோ பத்தில் நான்கு இங்கே. மருந்து கண்டுபிடிக்கப்படாததால் வந்த வித்தியாசம் அல்ல இது. மருந்து எட்டாததும் விளங்காததும் சேர்ந்து உண்டாக்கியது. நம் வீடுகளில் இந்த நோய்க்குப் பெயர் சொல்லவே தயக்கம். குழந்தைக்கு வீசிங் என்பார்கள், சளித் தொந்தரவு என்பார்கள். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு எடுக்கும்வரை மூடிவைப்பார்கள். இன்ஹேலர் போட்டால் விடமுடியாத பழக்கமாகிவிடும், அது கடைசிக் கட்ட மருந்து என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. அதனால் மருத்துவமனையில் நெபுலைசர் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள், அடுத்த மாதம் மறுபடி போகிறார்கள். இன்னொரு பக்கம், மிருகசீரிட நாளில் ஹைதராபாத்தில் உயிருள்ள விரால் மீன்குஞ்சோடு மருந்தை விழுங்க ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த மருந்து ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அங்கே போகிறவருக்கு நாற்பத்தைந்து நாள் பத்தியம் சொல்கிறார்கள், மூன்று ஆண்டு தொடர்ந்து வரச் சொல்கிறார்கள். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காலம் என்ற தெளிவோடு அவர் ஊர் திரும்புகிறார். நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் சீட்டு வாங்கி வெளியே வருபவருக்கு அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. அந்த வரிசையில் நிற்பவர்களை மூடர்கள் என்று ஒதுக்குவது எளிது. நல்ல மருந்தைத் தெளிவில்லாமல் கொடுத்து அவர்களை அங்கே அனுப்பியது யார் என்று கேட்பதே மருத்துவத்துக்கு அழகு.

செய்ய வேண்டியது பெரும் செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. தடுப்பு மருந்து எது, நிவாரண மருந்து எது என்று நிறம் சொல்லித் தமிழில் எழுதிய ஒரு தாள். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். எழுத்து வாசிக்காத பாட்டிக்கும் புரியும்படி படங்கள். இன்ஹேலரை நோயாளியின் கையில் கொடுத்து, இழுத்துக்காட்டச் சொல்லிப் பார்க்க ஒரு செவிலியர். அடுத்த முறை வரும்போது மறுபடியும் பார்க்க அதே செவிலியர். ஐநூறு கிலோமீட்டர் தாண்டி மீன் விழுங்கப் போகும் குடும்பம், அடுத்த தெருவிலுள்ள சுகாதார நிலையத்தில் இதைக் கற்றுக்கொள்ளத் தயங்காது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து போன ஊமத்தை ஏதேதோ உருவெடுத்து நெபுலைசர் மருந்தாகத் திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொன்ன அந்த வைத்தியரின் இடம்தான் இன்னும் காலியாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக் குழந்தையைத் தூக்கும் தாயின் கையில், அவள் மொழியில் எழுதிய அந்த ஒற்றைத் தாள் இருந்தால் போதும். அந்த இடம் நிரம்பிவிடும்.